சிவப்புதான் முதலில் போகும்

இருபது ஆண்டுகளாக விளம்பரப் பலகை அச்சடித்துக் கொடுக்கிறவன் நான். இன்று சன்பேக் பலகையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கடையில் நாங்கள் சன்பேக் என்போம், பொருள் பாலிபுரொப்பிலீன். வெட்டிய விளிம்பைப் பாருங்கள், இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே வரிசையாகக் குழல்கள் தெரியும். எடையே இராது, மழையில் ஊறாது. வீடு வாடகைக்கு, ரத்ததான முகாம், பள்ளிச் சேர்க்கை என்று தெருவெல்லாம் தொங்குவது இதுதான். இதற்கு எதிரி வெயில்.

எனக்கு இது புரிந்தது ஒரு குளக்கரையில். கிராமத்து இளைஞர்கள் சிலர் பலகை கேட்டு வந்தார்கள். தூர்வாரியதில் குளத்தின் ஒரு பக்கம் பள்ளமாகிவிட்டது, பிள்ளைகள் அங்கே போய்க் குதிக்கிறார்கள் என்றார்கள். ‘இங்கே குளிக்காதீர்கள், ஆழம் அதிகம்’ என்று எழுத வேண்டும். கண்ணில் படட்டும் என்று ‘ஆழம் அதிகம்’ மட்டும் சிவப்பில் போட்டேன், மற்றது கறுப்பு. அடுத்த ஆண்டு ஐப்பசி மழைக்குப் பிறகு அந்தப் பக்கம் போனேன். ‘இங்கே குளிக்காதீர்கள்’ அப்படியே இருந்தது. ‘ஆழம் அதிகம்’ இருந்த இடம் வெள்ளை. உற்றுப் பார்த்தால் லேசாக ஒரு சாயல், அவ்வளவுதான். பலகைக் கம்பத்திலேயே சட்டையைத் தொங்கவிட்டு இரண்டு பையன்கள் தண்ணீரில் இருந்தார்கள். கூப்பிட்டுக் கரையேற்றிய பிறகும் எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

சிவப்பு மட்டும் ஏன் போனது? எங்கள் இயந்திரத்தில் சிவப்பு மை என்று தனியாகக் கிடையாது. மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தால் சிவப்பு. புற ஊதாக் கதிர் முதலில் உடைப்பது அந்த இரண்டு நிறங்களைத்தான். நீலம் செம்பு கலந்த நிறமி, அது தாங்கும். வெயிலில் கிடந்த பழைய சினிமா சுவரொட்டியில் முகமெல்லாம் நீலம் பாய்ந்திருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? மற்ற நிறங்கள் போய் நீலம் மட்டும் மிஞ்சிய கதை அது. கறுப்போ கரி. ஓலையில் எழுத்தாணியால் கீறிக் கரி தடவினார்கள். நூற்றாண்டுகள் தாண்டியும் படிக்கிறோம். ‘கோயில் மதிலில் காவிப் பட்டை நிற்கிறதே?’ என்று கேட்பீர்கள். காவி இரும்பு கலந்த மண், அதன் உறுதி எங்கள் மைக்கு இல்லை.

ஆகவே நேயர்களே, உயிர் காக்கிற சொல்லைக் கறுப்பில், பெரிதாகப் போடச் சொல்லுங்கள். சிவப்பைச் சுற்றுக் கரையில் வைத்துக்கொள்ளலாம். அச்சுக்கு மேல் யுவி, அதாவது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் லேமினேஷன் கேளுங்கள். ஷீட்டும் யுவி தடுப்பு சேர்த்ததுதானா என்று கேளுங்கள். இல்லையென்றால் எழுத்து இருக்கும், பலகை அப்பளமாக நொறுங்கும்.

குழல்கள் செங்குத்தாக வரும்படி வெட்ட வேண்டும். அப்போது மேல் விளிம்பு காற்றில் மடியாது, உள்ளே இறங்கிய மழைத்தண்ணீரும் வடிந்துவிடும். மேல் வாயை டேப்பால் மூடுங்கள், கீழ் வாயைத் திறந்தே விடுங்கள். கிடையாகப் போட்ட பலகைகளில் தண்ணீர் தங்கி, குழலுக்குள் பச்சையாகப் பாசி ஓடியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. நாலடிப் பலகை காலைக் குளிருக்கும் உச்சி வெயிலுக்கும் நடுவே சுமார் 4 மில்லிமீட்டர் நீளும். திருகை இறுக்கிவிட்டால் நீள இடமில்லாமல் உப்பும், ஓட்டையிலிருந்து கிழியும். ஓட்டையைச் சற்றுப் பெரிதாகப் போட்டு, ஐலெட் வளையம் அடித்து, கறுப்பு நைலான் டையால் தளர்வாகக் கட்டுங்கள். வெள்ளை டை வெயிலில் வெடித்துவிடும். கறுப்பில் கரி இருக்கிறது, வெயிலைத் தான் வாங்கிக்கொண்டு நைலானைக் காப்பாற்றும். பாருங்கள், அங்கேயும் கரிதான்!

துடைக்கச் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும், தின்னர் வேண்டாம். நேரம் நெருங்கிவிட்டது.

அந்தக் குளக்கரையில் மறு வாரமே வேறு பலகை கட்டினேன், முழுக்கக் கறுப்பு எழுத்தில். மூன்று கோடை தாண்டிவிட்டது, இன்றும் சாலையிலிருந்தே படிக்க முடிகிறது. உங்கள் ஊர்க் குளத்திலும் அப்படி ஒரு பலகை இருக்கும். நாளைக் காலை கிட்டப் போய், அதில் எந்தச் சொல் வெளுத்திருக்கிறது என்று பார்ப்பீர்கள் என நம்புகிறேன்.