பழைய வேனுக்குப் புது கிளட்ச்

பள்ளிபாளையத்தில் விசைத்தறிக்கு நூல் மூட்டை ஏற்றுகிற பழைய வேன்தான், ஆடிப் பதினெட்டுக்குக் குடும்பத்தோடு கொல்லிமலை கிளம்புகிறது. 70 கொண்டை ஊசி வளைவு. கிளட்ச் தேய்ந்திருந்தால் இன்ஜின் கத்தும், வண்டி இழுக்காது, கருகல் வாடை வரும்.

மாற்றும்போது பிளேட்டை மட்டும் வாங்காதீர்கள். பெரிய வேலையே கியர்பாக்ஸை இறக்குவதுதான். பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் சேர்ந்த முழு செட்டாகவே போடுங்கள். பழைய பேரிங்கையே விட்டுவைத்து, அது ஆறு மாதத்தில் கத்த ஆரம்பித்தால் மறுபடி அத்தனையும் கழற்ற வேண்டும்.

பழைய வண்டியில் இன்ஜினே மாறியிருக்கலாம். ஆர்.சி. புத்தகத்தை மட்டும் நம்ப வேண்டாம். கழற்றிய பிளேட்டைக் கடைக்கே கொண்டுபோய், புதியதன்மேல் வைத்துப் பாருங்கள். விட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். நடுத் துளையின் பற்களை எண்ணுங்கள். பிறகு பட்டறையில் கியர்பாக்ஸ் ஷாஃப்டில் செருகிப் பாருங்கள். இறுக்கமின்றி வழுக்கிப் போக வேண்டும், ஆட்டம் கூடாது.

பிளைவீலில் நீலத் திட்டோ மயிரிழை விரிசலோ தெரிந்தால் லேத்காரரிடம் காட்டுங்கள். நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறைகளுக்கு நடுவே இருக்கிற நமக்கு லேத்துக்குப் பஞ்சமில்லை. இன்ஜின் பின்பக்க ஆயில் சீல் கசிந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள். எண்ணெய் பட்டால் புது பிளேட்டும் வழுக்கும். கிரீஸ் கையால் அதைத் தொடவே கூடாது.

மாட்டியபின் முதல் சில நூறு கிலோமீட்டர் பாரம் ஏற்றாமல் ஓட்டுங்கள். மலைப் பயணத்தை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.