நாம் யார் பக்கம்?

(சாலவாக்கம் குறுவளமைய ஆசிரியர் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் சரியாகச் சொல்லாத ஒரு பதிலிலிருந்து தொடங்குகிறேன். பத்தாம் வகுப்பில் இந்தியாவின் வெளியுறவுக் கொள்கை நடத்திக்கொண்டிருந்தேன். ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்கள்மீது மேலும் 25 சதவீத வரி விதித்திருந்த சமயம். ஒரு மாணவி எழுந்து, "சார், எங்கம்மா போற ஷூ கம்பெனியில இனிமே ஓ.டி. இல்லன்னு சொல்லிட்டாங்களாம். அந்த வரியாலயா சார்? நாம யார் பக்கம் சார்?" என்று கேட்டாள்.

"யார் பக்கமும் இல்லம்மா. அதுதான் அணிசேராமை. ரெண்டு மார்க் கேள்வி, எழுதிக்கோ" என்றேன். அவளும் எழுதிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மறுபடி கேட்கவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

அன்றிரவு என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் 1960களில் பள்ளிக்கூடம் போனவர். "எங்களுக்கு அமெரிக்கா பால் பவுடர் கரைச்சி ஊத்துவாங்க. மக்காச்சோள மாவுல உப்புமா கிண்டுவாங்க" என்றார். ஆம், காமராசர் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்திற்கு அப்போது 'கேர்' என்ற அமெரிக்க அமைப்பின் உதவியும் வந்தது. என் பாடம் என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

வெளியே பார்த்தால் இன்னும் தெரியும். நெய்வேலியில் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது; சுரங்கத்தில் மண்ணை வெட்டிய ராட்சதச் சக்கர இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. சென்னையில் 1959இல் தொடங்கிய ஐ.ஐ.டி.க்கு மேற்கு ஜெர்மனி கைகொடுத்தது. கிண்டிப் பக்கமே அறுவைச் சிகிச்சைக் கருவித் தொழிற்சாலைக்கு சோவியத் ஒன்றியம் கைகொடுத்தது. உலகில் முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு அணிகளும் நம் மாநிலத்தில் அடுத்தடுத்து வேலை செய்தன. 1961இல் பெல்கிரேடில் நேரு, டிட்டோ, நாசர், சுகர்ணோ, நிக்ருமா முதலியோர் கூடியதை நாம் ஆண்டும் இடமுமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். நெய்வேலியைச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

ஆனால் இது சும்மா கிடைத்ததல்ல. 1965, 1966 இரண்டு ஆண்டும் மழை பொய்த்தது. 1966இல் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் இறக்குமதி செய்தோம். பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. வியட்நாம் போரை இந்தியா விமர்சித்தது ஜனாதிபதி ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை. நம் வேளாண்மைக் கொள்கையை மாற்றவேண்டும் என்றும் அவர் அழுத்தினார். கப்பல்களை மொத்தமாக அனுப்பாமல், கொஞ்சம் கொஞ்சமாக அளந்து விட்டார்.

அப்போது உணவு அமைச்சர் நம் சி. சுப்பிரமணியம். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் போன்ற அறிவியலாளர்கள் துணை நின்றனர். தஞ்சை வயல்களில் ஏ.டி.டி. 27 நெல் பரவியது. கவனியுங்கள், கோதுமை விதையும் வெளியிலிருந்துதான் வந்தது. ஆனால் தானியம் வாங்கினால் அடுத்த மாதமும் கையேந்த வேண்டும். விதை வாங்கினால் அடுத்த போகம் நம்முடையது. இந்த வேறுபாட்டை விவசாய வீட்டுப் பிள்ளைக்கு விளக்கவே தேவையில்லை.

இதே கயிற்றில் நடக்கும் இன்னொரு நாடு துருக்கி. வரைபடத்தில் கருங்கடலின் வாசலைக் காட்டுங்கள். பாஸ்பரஸ், டார்டனெல்ஸ் நீரிணைகளில் போர்க்கப்பல் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் உரிமையை 1936ஆம் ஆண்டின் மான்ட்ரோ உடன்படிக்கை துருக்கிக்குத் தந்தது. 1952 முதல் அது நேட்டோ உறுப்பினர். ஆனாலும் 2019இல் ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணைகளை வாங்கியது. உடனே அமெரிக்கா எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்து துருக்கியை நீக்கியது. 2020இல் தடையும் விதித்தது. உக்ரைனுக்கு ட்ரோன் கொடுத்துக்கொண்டே, மேற்கு நாடுகள் ரஷ்யா மீது விதித்த தடைகளில் சேராமல் நின்றது. 2022 ஜூலையில், ஐ.நா.வோடு சேர்ந்து இஸ்தான்புல்லில் உக்ரைன் தானியக் கப்பல்களுக்கு வழி திறந்தது.

அதே எஸ்-400 வாங்க நாமும் 2018இல் ஒப்பந்தம் போட்டோம். துருக்கிக்கு வந்த தடை நமக்கு வரவில்லை. ஏன்? ஓர் அணிக்குள் இருந்துகொண்டு மறுபக்கம் வாங்குவதும், அணிக்கு வெளியே நின்று வாங்குவதும் ஒன்றா? எதிர்த்தரப்புக்கு யாருடைய தேவை அதிகம்? இவற்றை வகுப்பில் விவாதமாக விடலாம்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பாடத்தை மறுபடி எடுத்தேன். கரும்பலகையில் மூன்று கட்டங்கள் போட்டேன்: யாரிடம் வாங்கினோம், என்ன விலை கொடுத்தோம், பிறகு நாமே என்ன செய்யக் கற்றோம். பிள்ளைகள் வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு வந்து நிரப்பினார்கள். பால் பவுடரைப் பற்றி மட்டும் பத்துக் கதைகள் வந்தன. தொடக்க வகுப்பிலும் இதைச் செய்யலாம். நாட்டின் பெயர்களுக்குப் பதில் பொருள்களின் பெயர்களை எழுதினால் போதும்.

முடிவில் அந்த மாணவி மறுபடி எழுந்தாள். "அப்போ நெல்லும் கோதுமையும் விளைஞ்சதாலதான் சார் நாம தைரியமா பேச முடிஞ்சுது?"

"ஆமாம்மா, அதுவும் ஒரு காரணம்."

"அப்போ எங்கம்மா தைக்கிற ஷூவுக்கு எது சார் நம்ம நெல்லு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன். வேறு நாட்டுச் சந்தையா, நம் ஊரிலேயே விற்பனையா, புதிய தொழிலா என்று அந்தப் பாடவேளை முழுவதும் அவர்களே பேசினார்கள். மணி அடித்தும் நிறுத்தவில்லை.

இரண்டு மதிப்பெண் விடையை அவர்கள் எப்படியும் எழுதிவிடுவார்கள், நண்பர்களே. இந்தக் கேள்வியைக் கேட்க அவர்களுக்கு இடம் விடுவது நம் கையில்தான் இருக்கிறது.