அளவறிந்த பிராணவாயு

(நுகேகொடையில் நடைபெற்ற எமது மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாம் வைத்தியரல்லோம், பல்கலைக்கழகத்திலே பயிலும் மாணவரே. ஆயினும் அயல்வீட்டுக் குழந்தையின் மூச்சு நமக்கும் உரிய விஷயமன்றோ?

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. மிக முந்திப் பிறந்த சில குழந்தைகளின் சுவாசப்பை முதிர்ச்சியடையாதிருக்கும். உடல் தேறிப் பாலுண்ணத் தொடங்கிய பின்னும், காற்றிலுள்ள 21 வீத ஒட்சிசன் அவர்களுக்குப் போதாது. அத்தகைய குழந்தையை மாதக்கணக்காக வைத்தியசாலையிலே வைத்திராது, மூக்கில் மெல்லிய குழாயுடன் தாயோடு வீட்டுக்கு அனுப்புவதுண்டு. குழந்தை வளர வளரச் சுவாசப்பையிலே புதிய காற்றறைகள் உண்டாகின்றன. ஆகவே பெரும்பாலான குழந்தைகளுக்கு இக்குழாய் நிரந்தரமன்று.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். 1940களில் மேல்நாடுகளிலே குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாக ஒட்சிசன் கொடுத்தனர். உயிர் பிழைத்தவர்களுள் பலர் கண்ணிழந்தனர். மிகுதியான ஒட்சிசனே காரணமென 1951இல் மெல்பேண் வைத்தியர் கேற் காம்பெல் சுட்டிக்காட்டினார். பின்னர் அஞ்சி மிகவும் குறைத்தபோது வேறு குழந்தைகள் உயிரிழந்தன. ஆதலால் அளவைச் சொல்ல வேண்டியவர் வைத்தியரே. அழுகிறதென்று கூட்டவும், தேறிவிட்டதென்று நிறுத்தவும் நமக்கு உரிமையில்லை.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். பெரியோர் கோபியாதிருக்க வேண்டுகிறோம். ஒட்சிசன் தானாக எரியாது. ஆனால் சிறு பொறியையும் பெருந்தீயாக்கும். குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் அம்மம்மாரின் அன்பு வழக்கம். இக்குழந்தைக்கு அது ஆகாது. புகை சுவாசப்பைக்குக் கேடு, தணல் வீட்டுக்கே கேடு. குத்துவிளக்கும் கர்ப்பூரமும் குழந்தையின் அறைக்கு அப்பால் சுவாமியறையிலே இருக்கட்டும். அதனால் பக்தி குறையாது. சிகரெட் அவ்வீட்டுக்குள்ளேயே வேண்டாம். தடிமன் பிடித்தவர் குழந்தையைப் பார்க்காமல் வாசலோடு திரும்புவதே அன்பு.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. காற்றிலிருந்து நைதரசனை நீக்கி ஒட்சிசனைத் தரும் இயந்திரம் மின்சாரத்தால் இயங்குவது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. மின்சாரம் நின்றால் சிலிண்டர் வேண்டும். வெள்ளவத்தையிலே, கொட்டாஞ்சேனையிலே மாடிவீடுகளில் அப்போது லிப்டும் நின்றுவிடும். அச்சிலிண்டரை மேல்மாடிக்குச் சுமக்க யார் வருவார்? அயலில் இத்தகைய குழந்தை இருப்பின், நள்ளிரவில் அழைத்தாலும் வருவோமென இருவர் முன்கூட்டியே பெயர் கொடுப்போமாக. இன்றே அப்பட்டியலைத் தொடங்கலாம். முதலிரு பெயர்கள் எம்முடையவை.