பூஜ்ஜியத்தையும் எழுதப் பழக்குவோம்



ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடச் சென்னைக் கடற்கரைக்கு வருகின்றன. அந்த மாதங்களில் இரவு நடைக்கு வரும் மாணவத் தன்னார்வலர்களை ஒருங்கிணைப்பது என் பணி. மணலில் ஆமைத் தடம் பார்த்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறோம். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவரும்.

பல இரவுகளில் ஒரு தடம்கூடக் கிடைக்காது. "குறிப்பேட்டில் என்ன எழுதுவது, சார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "0 என்று எழுதுங்கள்" என்பேன். சிலருக்கு அது தோல்வியாகப் படுகிறது. பழைய தடத்தைப் புதியது என்று எழுத மனம் போகிறது. அப்படி எழுதினால், இல்லாத முட்டையைத் தேடி மணலைக் கிளற வேண்டிவரும். எந்த ஆண்டு ஆமைகள் குறைந்தன என்பதும் தெரியாமல் போகும்.

இந்த நேர்மை ஓர் இரவு நடையில் வந்துவிடாது. பள்ளியில்தான் வளர வேண்டும். பள்ளி வேப்பமரத்துக்கு வரும் பறவைகளை ஒரு வாரம், தினமும் பத்து நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். எதுவும் வராத நாளில் 0 எழுதிய பிள்ளைக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள். அந்தப் பிள்ளை கடற்கரையில் தடம் பார்த்தாலும், கிண்டி தேசியப் பூங்காவில் மான் எண்ணினாலும், எழுதிய கணக்கை நம்பலாம்.