றறற முதல் உழஅ வரை



அச்சில் இணைய முகவரியை எழுதும் முறை பற்றிப் பேச ஒரு நாள் முழுக்க வேண்டுமா என்று நண்பர்கள் கேட்டார்கள். மெய்ப்புப் பார்த்த யாரும் அப்படிக் கேட்கவில்லை.

பாமினி எழுத்துருவில் நூல் கோத்தவர்களுக்கு ‘றறற’ பழகிய முகம். அந்த எழுத்துருவில் டபிள்யூ விசையில் இருப்பது ‘ற’. முகவரி வரும் இடத்தில் எழுத்துருவை மாற்ற மறந்தால் மூன்று டபிள்யூவும் மூன்று றகரமாகிவிடும். கடைசியில் வரும் ‘காம்’, ‘உழஅ’ ஆகும். நான் பதிப்பித்த ஒரு கட்டுரைத் தொகுப்பின் துணைநூற்பட்டியலில் இரண்டு பக்கம் இப்படியே அச்சேறியது. மூன்று முறை மெய்ப்புப் பார்த்திருந்தோம். எல்லாம் தமிழ் எழுத்தாக இருந்ததால் கண்ணை உறுத்தவில்லை. பிழைதிருத்தத் தாள் ஒன்று அச்சிட்டு ஒட்டினோம். அதிலும் ஒரு முகவரி வரி முறியும் இடத்தில், கணினி தானாகவே ஒரு சிறுகோட்டைப் போட்டுவைத்திருந்தது.

யூனிகோடு வந்தபின் றறற அருகிவிட்டது, சிறுகோடு போகவில்லை. முறியும் இடத்தில் புதிதாகச் சிறுகோடு சேர்க்காதே, புள்ளிக்கு முன்னால் முறி, இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின்னால் முறி என்கிறது சிகாகோ நடைக் கையேடு. இதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். (அந்த இரட்டைச் சாய்கோடு தேவையே இல்லை என்று, அதை வகுத்த டிம் பெர்னர்ஸ் லீயே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அச்சில் அதை விட்டுவிட இதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டாம்.)

மற்றவற்றை இரவல் வாங்குவதில்தான் எனக்குத் தயக்கம். வாக்கியக் கடைசியில் முகவரி வந்தால் முற்றுப்புள்ளி அதோடு ஒட்டிக்கொள்ளுமே என்பது ஆங்கிலத்தில் எழுதுபவர்களின் கவலை. நம் வாக்கியம் வினையில் முடிகிறது. ‘இன்ன முகவரியில் காண்க’ என்றெழுதினால் புள்ளி ‘காண்க’வோடு போய்விடும். நமக்குத் தலைவலி வேற்றுமை உருபு. ஆங்கில எழுத்தில் உள்ள முகவரியின் வாலில் ‘இல்’, ‘இலிருந்து’ என்று ஒட்டுகிறோம். சிலர் நடுவே சிறுகோடும் போடுகிறார்கள். முகவரிக்குள்ளேயே சிறுகோடு வரலாம் எனும்போது, வாசகர் எந்த இடத்தில் தட்டச்சை நிறுத்துவார்? ‘என்ற முகவரி’ என்று இரண்டு சொல் சேர்த்து, உருபை அதற்குக் கொடுத்துவிடுவோம் என்பது என் கட்சி.

பெயர்களிலும் இதே கதைதான். வலைத்தளத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கி இரண்டாகப் பிரித்தெழுதிவந்த அசோசியேட்டட் பிரஸ் கையேடு, 2010இல்தான் அதைச் சிறிய எழுத்தில் ஒரே சொல்லாக்கியது. பெரிய எழுத்தே இல்லாத நமக்கு அந்தச் சண்டை இல்லை. ஆனால் அந்த வசதியும் இல்லை. 2005இல் தொடங்கி ஈழத்து நூல்களை மின்னாக்கிவரும் தளத்தின் பெயர் ‘நூலகம்’. ‘இந்த இதழை நூலகத்தில் பார்த்தேன்’ என்று ஆய்வாளர் எழுதினால் எந்த நூலகம்? யாழ்ப்பாணப் பொது நூலகமா, கணினித் திரையா? ஒற்றை மேற்கோள்குறியோ, ‘நூலகம் தளத்தில்’ என்ற விரிவோ இங்கே கட்டாயம். விக்கிப்பீடியாவுக்கு அது வேண்டியதில்லை. வேறெதையும் அந்தப் பெயர் குறிப்பதில்லை.

தமிழிலேயே அமைந்த முகவரிகளுக்கு இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என மூன்று நாட்டுப் பெயர்களும் தமிழ் எழுத்தில் ஈறாகக் கிடைக்கின்றன. மகிழ்ச்சி. ஆனால் ‘ஔவை’ என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தாளில் அச்சிட்டுப் பாருங்கள். வாசகர்களில் பாதிப் பேர் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டுவார்கள். தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு முன்னது ஓரெழுத்து, பின்னது ஈரெழுத்து, ஆகவே வேறு முகவரி. ‘க’வுக்கும் பழைய தமிழ் எண் ஒன்றுக்கும் அச்சில் வேறுபாடு காண்பதும் அரிது. இத்தகைய முகவரிக்குப் பக்கத்தில் ஒரு க்யூஆர் குறியை அச்சிடுவது நல்லது. அழகைக் கெடுக்கிறது என்று வடிவமைப்பாளர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

இணையத்தளமா, இணையதளமா என்பதைப் பிற்பகல் அமர்வுக்கு வைத்திருக்கிறார்கள். மரமும் பலகையும் சேர்ந்து மரப்பலகை ஆவதுபோல இணையத்தளம் என்பதே என் பக்கம். ஆனால் நம் அழைப்பிதழின் முன்பக்கத்தில் ஒன்றும் பின்பக்கத்தில் மற்றதும் இருப்பதைக் காலையில் பேருந்தில் வரும்போதுதான் கவனித்தேன். அதற்கு மெய்ப்புப் பார்த்தவன் நான். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.