கோப்பைத் திறப்பது ஆர்?

(தோழர்களுக்கான கணினிப் பட்டறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு கோப்பை ரெண்டு தரம் கிளிக் பண்ணுறம். ஏதோ ஒரு செயலி அதைத் திறக்குது. எந்தச் செயலி எண்டு தீர்மானிச்சது ஆர்? பெரும்பாலும் நாங்கள் இல்லை, மென்பொருளைச் செய்த நிறுவனம். அந்தத் தீர்மானத்தை எங்கட கைக்கு எடுக்கிறதைப் பற்றித்தான் இண்டைக்குக் கதைக்கப் போறன்.

இதில என்ன அரசியல்? 2009இல் 'கோஸ்ட்நெட்' எனும் உளவு வலையைக் கனடிய ஆய்வாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். 103 நாடுகளில் 1,295 கணினிகள். தலாய் லாமாவின் அலுவலகக் கணினிகளும் அதில அடக்கம். உள்நுழைந்த வழிகளில் ஒன்று, திபெத்திய இயக்கத்தின் பெயரில் வந்த மின்னஞ்சலோடு இணைத்த வேர்ட் கோப்பு. புலம்பெயர்ந்து அரசியல் பேசுற எங்களுக்கு இது ஆரோ வீட்டுக் கதை இல்லை.

விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசித் துண்டை வழமையாக மறைச்சு வைக்கும். 'பிரசுரம்.பிடிஎஃப்.ஜேஎஸ்' எண்ட கோப்பு 'பிரசுரம்.பிடிஎஃப்' எண்டுதான் கண்ணுக்குத் தெரியும். கிளிக் பண்ணினால் அது வாசிக்கிறதுக்குத் திறக்காது, நிரலாக ஓடும்.

கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறவுங்கோ. 'அசோக்' எண்டு ஒரு கட்டளை இருக்கு. ஆளின்ர பெயர் இல்லை, அசோசியேஷனின் சுருக்கம்! அதுக்குப் பின்னால இடைவெளி விட்டு '.ஜேஎஸ்' எண்டு அடிச்சால் 'ஜேஎஸ்ஃபைல்' எண்ட வகைப் பெயர் வரும். பிறகு 'எஃப்டைப் ஜேஎஸ்ஃபைல்' எண்டு அடியுங்கோ. 'டபிள்யூஸ்கிரிப்ட்' எண்டு காட்டும். நிரலை ஓட்டுறது அதுதான். அந்த வரியை எழுதி வைச்சுக்கொண்டு, அதே கட்டளையோட சமக்குறி போட்டு, டபிள்யூஸ்கிரிப்டின் இடத்தில நோட்பேடைக் குடுங்கோ. இனி அப்பிடியொரு கோப்பு வெறும் எழுத்தாகத்தான் திறக்கும். விபிஎஸ், எச்டிஏ கோப்புகளுக்கும் இதையே செய்யுங்கோ.

பிடிஎஃப், உலாவி விசயத்தில இது செல்லாது. விண்டோஸ் 8இலிருந்து பயனரின் தெரிவை ஒரு சரிபார்ப்புக் குறியோடு பூட்டி வைக்கிறார்கள். கள்ள மென்பொருள் மாத்தாமல் இருக்கத்தான் எண்டு சொல்லுவினம். அதில உண்மையும் உண்டு. ஆனால் அதே பூட்டு எங்கட கட்டளையையும் தடுக்குது. அமைப்புகள் பக்கத்துக்குப் போய் மாத்தலாம். இயல்புத் தெரிவின் பெறுமதி நிறுவனங்களுக்கு நல்லாத் தெரியும். உலாவியைத் தெரிவு செய்யும் திரையைக் காட்டுவதாக 2009இல் குடுத்த வாக்கை மீறியதுக்கு, 2013இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு விதித்த தண்டம் 56.1 கோடி யூரோ.

லினக்ஸில 'எக்ஸ்டிஜி-மைம்' எண்ட கட்டளை போதும். எந்தக் கோப்புக்கு எந்தச் செயலி எண்டு கேட்கவும் மாத்தவும் அதாலேயே ஏலும். மாத்தினது உங்கட முகப்பு அடைவுக்குள்ள சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கும். ஆரும் வாசிக்கலாம், ஒரு தோழர் சரியாக எழுதினால் மற்றவர்களும் பிரதி எடுக்கலாம்.

இது முழுக் கவசம் இல்லை. நஞ்சு வைத்த வேர்ட் கோப்பு வேர்டுக்குள்ளேயே வேலையைக் காட்டும். எதிர்பாராத இணைப்பு வந்தால், அனுப்பினவரை முதலில தொலைபேசியில கேளுங்கோ. இப்ப மடிக்கணினியைத் திறவுங்கோ, ஜேஎஸ்ஸில தொடங்குவம்.