ரசிகர் ஆக்கிய மொழிபெயர்ப்பு



வீடியோ விளையாட்டு என்றவுடன் முகம் சுளிப்பது பெரியோர் வழக்கம். கண்ணுக்குக் கேடு, படிப்புக்குப் பகை, பொழுதுக்கு நஷ்டம் என்று மூன்று குற்றங்களைச் சாட்டிவிட்டு அப்பால் நகர்ந்துவிடுவர். நாமும் அண்மைக்காலம் வரை அந்த அணியிலேயே நின்றோம். தலைநகரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் சுற்றறிக்கைகளையும் படிவங்களையும் விதிகளையும் தமிழாக்கம் செய்வது நமது தொழில். ஒரு மாலைப் பொழுதில், கையடக்கத் திரையில் ஆழ்ந்திருந்த மகனிடம் அவன் ஆடும் விளையாட்டின் பெயரைக் கேட்டோம். "மதர் 3" என்றான். "இதை ஆங்கிலத்தில் ஆக்கியவர்கள் கம்பெனிக்காரர்கள் அல்லர், அப்பா. ரசிகர்கள். காசு வாங்காமல் செய்தார்கள்" என்றும் சேர்த்துச் சொன்னான். சற்றுப் பொறுத்து, "நீங்கள் மொழிபெயர்ப்பதையெல்லாம் யார் அப்பா படிக்கிறார்கள்?" என்று கேட்டான்.

கேள்வியில் குறும்பு இல்லை. அதனாலேயே அது தைத்தது. அந்த ரசிகர்கள் என்னதான் செய்தார்கள் என்று அறிய முற்பட்டோம்.

ஜப்பானில் விளம்பர வாசகங்கள் எழுதிப் புகழ்பெற்ற ஷிகெசாட்டோ இடோய் என்பார் படைத்த விளையாட்டு வரிசையே "மதர்". முதலாவது 1989இலும், இரண்டாவது 1994இலும் அந்நாட்டில் வெளியாயின. வாளேந்திய வீரனோ அரசகுமாரனோ அவற்றின் நாயகன் அல்லன். தொப்பியணிந்த சாதாரணச் சிறுவன் ஒருவன் தன் ஊரைவிட்டுப் புறப்படும் கதை அது. இரண்டாவது விளையாட்டு, "எர்த்பவுண்ட்" என்னும் பெயரில் 1995இல் அமெரிக்கா சென்றது. அதை விற்க வந்த நின்டெண்டோ கம்பெனி, "இந்த விளையாட்டு நாறுகிறது" என்று வேடிக்கையாக விளம்பரம் செய்தது. வாங்குவோர் அதை மெய்யென்றே கொண்டனர் போலும்! படங்கள் எளியவை என்று விமரிசகர் சிலர் குறை கூறினர். விற்பனையும் எதிர்பார்த்தபடி அமையவில்லை. ஆயினும், ஆடிப் பார்த்தவருள் ஒரு சிலர் அதை மறக்க மறுத்தனர். ஒருவரையொருவர் தேடிக் கண்டு ஒரு குழாமாயினர். கம்பெனிக்கு விண்ணப்பத்தின்மேல் விண்ணப்பம் அனுப்பினர். மூன்றாம் விளையாட்டு 2000ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. பின்னர் உயிர்பெற்று, 2006 ஏப்ரலில் கேம் பாய் அட்வான்ஸ் என்னும் கையடக்கக் கருவிக்கென ஜப்பானில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் வரவேயில்லை.

அவ்வாண்டு நவம்பரில் ரசிகர் குழு ஒன்று அப்பணியைத் தானே மேற்கொண்டது. முன்னின்றவர் கிளைட் மாண்டலின். பிழைப்பாலும் அவர் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளரே. பகலில் கூலிக்குச் செய்த வேலையை ஓய்வு நேரத்தில் கூலியின்றிச் செய்தார் என்க. 2008 அக்டோபர் 17இல் அது முடிந்து வெளிவந்தது; முதல் வாரத்திலேயே ஒரு லட்சம் முறைக்கு மேல் மக்கள் அதைப் பெற்றுக்கொண்டனர்.

சொல்லை மாற்றினால் வேலை முடிந்தது என்று எண்ணுவது தவறு. மூல விளையாட்டின் உரையாடல் முழுவதும் ஜப்பானியரின் கானா எழுத்துக்களால் ஆனது. அவ்வெழுத்துக்கள் ஒவ்வொன்றும் ஒரே அளவுள்ள கட்டத்துள் அடங்கும். ஆங்கில எழுத்துக்களோ ஒன்று ஒல்லி, ஒன்று பருமன். (நம் "ர"வையும் "ணை"யையும் அடுத்தடுத்து எழுதிப் பார்ப்பவர்க்கு இத்தொல்லை விளங்கும்.) தவிரவும், ஜப்பானியத்தில் நான்கெழுத்தில் முடிவது ஆங்கிலத்தில் பத்தெழுத்தாய் நீளும். ஆகவே, விளையாட்டின் உள்ளே நுழைந்து, எழுத்தைத் திரையில் இடும் ஆணைகளையே புதிதாக எழுத வேண்டியிருந்தது. மொழியறிந்தவரும் கணினியறிந்தவரும் ஒருங்கே உழைத்தாலன்றி இது கைகூடாது.

இனி, ஒரு பெயரைப் பார்ப்போம். பணம் என்பதே அறியாத சிற்றூர் ஒன்றில் கதை தொடங்குகிறது. அவ்வூருக்கு வரும் வஞ்சகன் ஒருவன், "இன்பப் பெட்டி" என்னும் பொருளை வீடுதோறும் புகுத்தி, பண ஆசையையும் கூடவே விதைக்கிறான். மூலத்தில் அவன் பெயர் யொக்குபா. பேராசையைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் அதில் ஒலிக்கிறது. மாண்டலின் அவனுக்கு "ஃபஸாட்" என்று பெயரிட்டார். வெளிப்பூச்சு, பொய்முகப்பு என்னும் பொருளுடைய சொல் ஆங்கிலம் அறிந்தவர் செவியில் அதன் வழியே விழும். அரபியில் அதே ஒலி ஊழலையும் சீர்கேட்டையும் குறிக்கும். டில்லித் தெருவில் வாழும் நமக்கோ, கலகத்தைக் குறிக்கும் "ஃபஸாத்" என்னும் இந்துஸ்தானிச் சொல்லும் நினைவுக்கு வருகிறது. ஆசையை மட்டும் சுட்டிய பெயர், அதன் விளைவையும் சுட்டுவதாயிற்று. இது மூலத்தை மீறியதாகாதா என்று கேட்பாருண்டு. மீறியதுதான். ஆனால் இவ்வாறு மீறுவதற்கு, மூலத்தை வரிவரியாக அறிந்திருக்க வேண்டும்.

இதே வஞ்சகன் கதையின் பிற்பகுதியில் விபத்துக்குள்ளாகிறான். பேச்சு போய், குழல்களின் ஊதொலியாகவே அவன் வாய்மொழி வெளிப்படுகிறது. அதைப் பிறர்க்கு எடுத்துரைக்க மொழிபெயர்ப்பாளன் ஒருவன் கூடவே வருகிறான்! தீயவன் ஊதுகிறான், இவன் பணிவோடு பொருள் சொல்கிறான். இக்காட்சியை மகன் காட்டியபோது நாம் வாய்விட்டுச் சிரித்தோம். சிரித்தபின், நமது சில சுற்றறிக்கைகள் நினைவுக்கு வந்தன. சிரிப்பு நின்றுவிட்டது.

நிற்க. அரசு ஊழியராகிய நாம் சட்டத்தைச் சொல்லாமல் விடலாகாது. ஒரு படைப்பை மொழிபெயர்க்கும் உரிமை அதன் உடைமையாளரைச் சார்ந்தது. அனுமதியின்றிச் செய்வது, அன்பினால் செய்யினும், முறையாகாது. இதை அந்த ரசிகர்களும் அறிந்தே இருந்தனர். அவர்கள் வெளியிட்டது விளையாட்டை அன்று. மூலத்தின்மேல் பொருத்தும் திருத்தத் தொகுப்பு ஒன்றையே. கம்பெனி விரும்பினால் தம் மொழிபெயர்ப்பை இலவசமாகவே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று 2013இல் மாண்டலின் வெளிப்படையாக அறிவித்தார். குற்றம் குற்றமே எனினும், திருடிய பொருளை உடையவனிடமே கொண்டுவந்து நீட்டும் திருடனை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

வீடியோ விளையாட்டு ரசிகர் உலகம் முழுவதும் இத்தகையது என்று சொல்ல வரவில்லை. அங்கு வசையும் பூசலும் மலிந்துள்ளன. பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதே விமரிசனம் எனக் கருதுவோர் பலர். மொழிபெயர்ப்பாளரை அவர்கள் படுத்தும் பாடும் சிறிதன்று. 1994இல் "ஃபைனல் ஃபாண்டசி" வரிசையின் ஆறாம் விளையாட்டை ஆங்கிலமாக்கிய டெட் வூல்ஸிக்கு அளிக்கப்பட்ட அவகாசம் ஏறத்தாழ முப்பது நாட்களே. இடமோ குறைவு, எதை எழுதக்கூடாது என்னும் கட்டுப்பாடுகளோ மிகுதி. இவற்றை அறியாமல் அவரை ஆண்டுக்கணக்கில் ஏசினர் சிலர். அறிந்தபின் அவருக்காக வாதாடினர் வேறு சிலர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எச்சொல் ஏன் மாறியது என்று ஆராயும் விமரிசனமே நமக்கு உவப்பானது. "எர்த்பவுண்ட்" விளையாட்டின் ஜப்பானிய வடிவத்தையும் ஆங்கில வடிவத்தையும் அவ்வாறு ஒப்பிட்டு மாண்டலின் ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

2024 பிப்ரவரியில் நின்டெண்டோ தன் சந்தாதாரர்க்கு "மதர் 3"ஐ மீண்டும் அளித்தது. அதுவும் ஜப்பானில் மட்டுமே. ஜப்பானிய மொழியில் மட்டுமே.

மகனின் கேள்விக்கு அன்று விடை சொல்லவில்லை. மறுநாள் அலுவலகத்தில், குடும்ப ஓய்வூதியத்துக்கான படிவம் ஒன்றை எடுத்துப் பார்த்தோம். பல ஆண்டுகளுக்குமுன் நாமே ஆக்கியது. கணவனை இழந்த பெண் ஒருத்தி கையொப்பமிட வேண்டிய இடத்தில், "கீழே கையொப்பமிடுபவரால் இதன்மூலம் உறுதியளிக்கப்படுவது யாதெனில்" என்று இருந்தது. "நான் உறுதி கூறுகிறேன்" என்று திருத்தி, காரணமும் எழுதி, மேலிடத்துக்கு அனுப்பினோம். கோப்பு இன்னும் திரும்பி வரவில்லை.